ஒன்பது உதவித்தொகைகளும் ஒரு மலையும்

"அக்கா, இதுல எது பெருசு?"

மேசை மேல் நான்கு தாள்களைப் பரப்பி வைத்துவிட்டு அந்தப் பெண் கேட்டாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவள். பள்ளிச் சீருடை, மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. பொங்கல் கழிந்த வாரம். கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் கடை. அப்பா சாப்பிடப் போயிருந்தார். மெஷினிலிருந்து தாள்கள் சுட்ட அப்பளம் போல வெதுவெதுப்பாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

நான்குமே கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை அறிவிப்புகள். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் போட்டித் தேர்வு வைத்துக் கொடுப்பவை. பள்ளியில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"இதுதான் பெருசு" என்று ஒன்றை எடுத்தேன். உடனே கீழே வைத்தேன். அதில் தொகை பெரிது, ஆனால் ஒரே ஒரு முறைதான் வரும். அடுத்தது சின்னது, நான்கு வருடமும் வரும். மூன்றாவது, ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் அன்றோடு நின்றுவிடும். நான்காவதை வாங்கினால் வேறு எதையும் வாங்கக் கூடாது.

நான் பொறியியல் படித்தவள். நானும் உதவித்தொகையில் படித்தவள்தான். வேலைக்கு அழைப்பு வரும் வரைக்கும் கடையில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சின்னக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த நிமிடத்தில்தான் அந்த யோசனை வந்தது. இதையெல்லாம் ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதினால் என்ன?

காலண்டர் தாளின் பின்பக்கம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் அட்டவணை போடாமல் என்னால் பார்க்க முடியாது. விடுதியில் எந்தக் கிழமை எந்த சாம்பாரில் எத்தனை முருங்கைக்காய் என்று நான் எழுதி வைத்திருந்ததை இந்தத் தொடரில் சென்ற வாரம் சொன்னேன். "இந்த வயசுல நினைவுக் குறிப்பு எழுத உனக்கு என்னம்மா நினைவு இருக்கு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இந்த வாரம் எழுதுவதை மறக்க முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

போன வருடத்து மாதக் காலண்டரைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பினேன். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டேன். தேர்வு உண்டா? நேர்காணல் உண்டா? எத்தனை வருடம் வரும்? விடுதிச் செலவு சேருமா? இன்னொன்றோடு சேர்த்து வாங்கலாமா? கடைசித் தேதி எது? இணையத்தில் தேடி இன்னும் ஐந்தைச் சேர்த்தேன். ஒன்பது வரிசை ஆயிற்று.

அந்தப் பெண் போகவில்லை. நான் எழுத எழுத எதிரில் நின்று தலைகீழாக வாசித்துக்கொண்டே இருந்தாள்.

"உன் பேர் என்ன?"

"நாகஜோதிக்கா."

"அம்மா அப்பா என்ன பண்றாக?"

"அப்பா திருப்பூர்ல. அம்மா மலைக்குப் போறாக."

எங்கள் ஊரில் இதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. மலைக்குப் போவது என்றால் விடியும்போது ஜீப்பில் ஏறி, மேற்கே கம்பம்மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்குவது. புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. சாயங்காலம் அவர்கள் கடைத்தெருவில் நடந்து போனால் தெருவே ஏலக்காய் மணக்கும். பாயசத்தில் வரும் மணம் அல்ல. பச்சையாக, கொஞ்சம் காட்டமாக, ஈரத்தோடு வரும் மணம்.

அப்பா திரும்பி வந்து சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார்.

"ஏத்தா, இது ஜெராக்ஸ் கடையா, கலெக்டர் ஆபீசா?"

"ரெண்டும்தான்ப்பா."

"அப்ப ரெண்டுக்கும் கரண்ட் பில்ல நீயே கெட்டு."

எல்லோரும் கலெக்டர்

ஒரு வாரத்தில் கடை முன்னால் சைக்கிள் நிறுத்த இடமில்லை. சின்னமனூரிலிருந்துகூட இரண்டு பெண்கள் வந்தார்கள். அப்பா வெளியில் சலித்துக்கொண்டாலும், தாளின் மேல் யாரும் பேனாவால் கிறுக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தார்.

நான் ஒத்திகை நேர்காணலும் நடத்தினேன். பேப்பர் கட்டுகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு, "உன் லட்சியம் என்ன?" என்று கேட்பேன். பத்துக்கு எட்டுப் பேர் கலெக்டர் என்பார்கள். நானும் அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னவள்தான். என் நேர்காணலில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "உங்க பக்கத்துல எல்லாரும் கலெக்டர் ஆயிட்டா திராட்சைக்கு யாரும்மா தண்ணி பாய்ச்சுறது?" என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கொடுத்தார்கள். எந்தச் சான்றிதழுக்கு எந்த அலுவலகம், எந்தக் கிழமை யார் இருப்பார்கள் என்பதெல்லாம் கடைக்காரரான என் அப்பாவுக்கு அத்துப்படி. நான் ஜெயித்ததில் பாதி அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஜோதியிடம் கேட்டபோது அவள் கலெக்டர் என்று சொல்லவில்லை.

"நர்சு."

"ஏன் நர்சு?"

"தோட்டத்துல மருந்தடிச்ச மறுநா காய் எடுத்தா அம்மாவுக்குக் கை தடிச்சுப் போகும்க்கா. கொப்புளமா வரும். ஆசுபத்திரில என்ன மருந்தும்மா அடிச்சாகன்னு கேப்பாக. அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. தெரியாதுன்னா வைவாக." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நான் நர்சா இருந்தா வைய மாட்டேன். எந்தத் தோட்டம்னு மட்டும் கேப்பேன். போன் பண்ணி நானே விசாரிச்சுக்குவேன்."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எனக்கு அடுத்த கேள்வி மறந்துவிட்டது.

ஒரே ஞாயிறு

தேர்வு வைத்துக் கொடுப்பவற்றில் அவளுக்குப் பொருந்தியவை இரண்டு. ஐந்தாவது வரிசையும் எட்டாவது வரிசையும்.

ஐந்தாவது, தேனியிலேயே தேர்வு. அரசுப் பள்ளியில் படித்த, மதிப்பெண் உள்ள யாரும் எழுதலாம். கட்டணத்தில் பாதி கொடுப்பார்கள். எட்டாவது, தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே ஓர் அறக்கட்டளை கொடுப்பது. தேர்வு மதுரையில். மாநிலம் முழுக்கச் சில இடங்களே. ஆனால் முழுக் கட்டணம், விடுதி, புத்தகம், வெள்ளை உடுப்பு வரைக்கும் அவர்கள் பொறுப்பு.

இரண்டு தேர்வும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே நேரம்.

ஜோதி தாளின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அவள் விரல் ஐந்தாவது வரிசையில் இருந்தது.

"இதே போதும்க்கா. தேனிதான, பக்கம்."

"பக்கம்னு பாத்தா ஆச்சா? பாதிதான் தருவாக. மீதிப் பாதிக்கு எங்கன போவ?"

அவள் விரல் அந்த வரிசையிலேயே மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. ஏதோ சொல்ல வந்தாள். நான் பேசிக்கொண்டே போனேன். எட்டாவது உனக்காகவே வைத்தது மாதிரி இருக்கிறது, மலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு என்றே போட்டிருக்கிறது, இதை விட்டால் முட்டாள்தனம், நான் கூட வருகிறேன், பஸ் செலவைப் பற்றிக் கவலைப்படாதே என்று. மூச்சு விடாமல் பேசினேன். எனக்கு அப்படித்தான் பேச வரும்.

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். "சரிக்கா" என்றாள்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வட்ட முத்திரை

ஜோதி எழுத்துத் தேர்வில் தேறினாள். சித்திரை வெயிலில் நேர்காணலுக்கு மறுபடி மதுரை போனோம். அறைக்கு உள்ளே போனவள் அரை மணி நேரம் வரவில்லை. வெளியே வந்ததும், "மருந்தப் பத்திச் சொன்னேங்க்கா. ஒரு அம்மா எழுதிக்கிட்டாக" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். வைகை அணை தாண்டியும் எழுந்திருக்கவில்லை.

பட்டியலில் அவள் பெயர் வந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு உட்பட்டது என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. அதை யார் பார்த்தார்கள்? அப்பா அன்றைக்குக் கடைக்கு வந்த எல்லோருக்கும் பால்பன் வாங்கிக் கொடுத்தார்.

தாய் வேலை செய்யும் தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். ஜோதியின் அம்மா ஈஸ்வரி அக்கா அதைக் கொண்டுவந்தார். நனையாமல் இருக்க பிளாஸ்டிக் பையில் சுற்றித் தூக்குவாளிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கடிதத்தில் லேசாகப் புளிச்சோறு மணத்தது.

"தோட்டத்துல கணக்கெழுதுற ரைட்டர் சேட்டன் லேசுல தருவாரா? மூணு நாளு பின்னாலயே போனேன் பாப்பா. நாளைக்கு நாளைக்குன்னாரு. என் மகளுக்குச் சேட்டான்னு அழுதுட்டேன். அப்பறம்தான் சீலக் குத்துனாரு."

மலையாளத்தில் எழுதிய கடிதம். அப்பாவுக்கு மலையாளம் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு உரக்க வாசித்தார். தோட்டத்தின் பெயர், ஈஸ்வரி அக்காவின் பெயர், இடுக்கி ஜில்லா, கையெழுத்து. கீழே ஊதா நிறத்தில் வட்ட முத்திரை.

"சீல் என்னா தெளிவா விழுந்திருக்கு பாரு" என்றார் அப்பா.

"ஆமாப்பா" என்றேன். எல்லோரும் முத்திரையைப் பார்த்தோம். நான் அதைப் பெருமையாக ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

நாலாவது விதி

நான்கு நாள் கழித்து போன் வந்தது. மென்மையான பெண் குரல், என் வயதுதான் இருக்கும்.

"மேடம், அந்தப் பொண்ணோட அம்மா வேலை செய்யுற எஸ்டேட் கேரளாவுல இருக்கு. தமிழ்நாட்டுத் தோட்டத்துல வேலை செய்யுறவங்க பிள்ளைங்களுக்கு மட்டும்தான் மேடம். ரூல் நம்பர் நாலு பாருங்க."

பார்த்தேன். அந்த வரி அங்கேயே இருந்தது. அதன் பக்கத்தில் பென்சிலால் போட்ட ஒரு டிக் இருந்தது. நான் போட்டது.

இதை எப்படி விளக்குவது? வெளியூர்க்காரர் யாராவது அந்தக் கடிதத்தைப் பார்த்திருந்தால் முதல் பார்வையிலேயே கேட்டிருப்பார். எங்களுக்கு அது கேரளம் அல்ல, மலை. காலையில் ஏறி மாலையில் இறங்கும் இடம். குமுளிக்குத் துணி எடுக்கப் போனால் வேறு மாநிலத்துக்குப் போகிறோம் என்று யாரும் நினைப்பதில்லை. செக்போஸ்ட் எங்களுக்கு டீ குடிக்க நிற்கும் இடம். விண்ணப்பிக்கும்போது அந்த விதியை நான் மூன்று முறை வாசித்தேன். 'தோட்டம்' என்ற சொல் கண்ணில் பட்டது. 'தமிழ்நாடு' என்ற சொல்லைக் கண் தாண்டிப் போய்விட்டது. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன?

பேசிப் பார்த்தேன். கெஞ்சினேன். "எனக்கும் கஷ்டமா இருக்கு மேடம்" என்றாள் அந்தப் பெண். உண்மையாகத்தான் சொன்னாள்.

உடனே அடுத்த வேகம். கேரளத் தோட்டம் என்றால் அங்கேயும் ஓர் உதவித்தொகை இருக்க வேண்டுமே? தேடினேன், இருந்தது. கேரளத்தில் குடியிருக்க வேண்டும், அங்கே ரேஷன் கார்டு வேண்டும். வேலை அந்தப் பக்கம், கார்டு இந்தப் பக்கம். இரண்டு பட்டியலுக்கும் நடுவில் ஓர் ஆளை நிறுத்தும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அதில் ஜோதி நின்றாள்.

சாயங்காலம் ஜீப் வந்து நிற்கும் இடத்துக்குப் போனேன். ஈஸ்வரி அக்கா இறங்கி, இடுப்பைப் பிடித்து நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்ததும், "என்ன பாப்பா?" என்றார். சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. வெயில் மேற்கே இறங்கிவிட்டிருந்தது. கிழக்கே மேகமலையின் உச்சியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதைக் கை நீட்டிக் காட்டினார்.

"அங்கனயும் ஏலக்காதான பாப்பா?"

"ஆமாக்கா."

"அப்ப அந்த மலைக்குப் போயிருந்தா எம்மகளுக்குக் குடுத்திருப்பாகளா?"

நீட்டிய கையை இறக்கிக்கொண்டார்.

"இம்புட்டு வருசமும் தப்பான மலைக்குப் போயிட்டேன் போல" என்றார். சொல்லிவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். அந்தச் சட்டையின் ஏலக்காய் மணம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

பிடித்து வைத்த இடம்

ஐந்தாவது வரிசை? அதன் தேர்வு முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. நர்சிங் கல்லூரியில் பணம் கட்டும் நாளும் போனது. உள்ளூரிலேயே ஏதாவது ஒரு டிகிரி சேரலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதற்குள் ஆடி வந்துவிட்டது, காய் எடுப்பு மும்முரம். ஈஸ்வரி அக்காவுக்கு இந்த முறை கை மணிக்கட்டு வரை வீங்கிவிட்டது.

ஜீப்பில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. எழுதி வைத்தது அல்ல. இரண்டு வாரம் வராமல் இருந்தால் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும். அப்புறம் கேட்டால் கிடைக்காது. அதனால் வீட்டிலிருந்து யாராவது போய் அந்த இடத்தைப் பிடித்து வைப்பார்கள்.

அம்மாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜோதி போனாள். கை ஆறும் வரைக்கும் என்றாள்.

நான் சுவரிலிருந்து தாளை எடுத்துச் சுருட்டி, பழைய டோனர் டப்பாக்களுக்குப் பின்னால் செருகினேன். பிள்ளைகள் வந்து கேட்டால், "தேதி எல்லாம் முடிஞ்சிருச்சு" என்பேன். அந்தச் சுவரில் இருந்த நான்கு டேப் தழும்புகளை அப்பா ஒருநாள் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். போகவில்லை.

விடியும்போது ஜீப் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம். இப்போது அதைக் கேட்டால் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்கிறேன்.

"நீங்க வாசிக்காதீக"

போன ஞாயிற்றுக்கிழமை ஜோதி கடைக்கு வந்தாள். தோட்டத்து ஆபீசில் கொடுக்க ஆதார் நகல் வேண்டுமாம். விரல் நுனிகள் கறுத்திருந்தன. காய்க் கறை சோப்புக்குப் போகாது. நகலை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"கட்டம் போட்ட தாளு எங்கக்கா?"

"எடுத்துட்டேன் ஜோதி."

"இருக்கா, கிழிச்சுட்டீகளா?"

எடுத்து விரித்தேன். ஓரம் சுருண்டு சுருண்டு மேலே வந்தது. அவள் ஒரு பக்கம் ஸ்டேப்ளரையும் இன்னொரு பக்கம் தன் கையையும் வைத்து அமர்த்தினாள். பழையபடி விரலை ஐந்தாவது வரிசையில் வைத்தாள். அன்றைக்கு நகர்ந்தது போலவே விரல் வலப்பக்கம் நகர்ந்தது. 'இன்னொன்றோடு சேர்த்து வாங்கலாமா' என்ற கட்டத்தில் போய் நின்றது. 'வாங்கலாம்' என்று என் கையெழுத்தில் இருந்தது.

"கவுர்மெண்டு பள்ளிக்கூடத்துப் பொம்பளப் பிள்ளைகளுக்கு மாசாமாசம் வருதுல்ல, கடேசி வரிசை? அதையும் இதையும் சேத்து வாங்கலாம்னு நீங்கதான எழுதிருந்தீக. ரெண்டும் சேந்தா கிட்டத்தட்ட சரியா வரும்னு அன்னைக்கே நெனச்சேன்."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க பேசிக்கிட்டிருந்தீக."

குற்றம் சொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னாள். அப்பா எழுந்து மெஷினில் தாள் இருக்கிறதா என்று பார்க்கப் போனார். தாள் நிறையவே இருந்தது.

ஐந்தாவது வரிசையின் இந்த வருட அறிவிப்பு வந்திருந்தது. பிரிண்ட் எடுத்தேன். விதிகளை வாசிக்கக் கையில் பிடித்தபோது அவள் வாங்கிக்கொண்டாள்.

"நீங்க வாசிக்காதீக. நான் வாசிக்கிறேன். நீங்க கேளுங்க."

ஒவ்வொரு வரியாக வாசித்தாள். ஒவ்வொரு வரி முடிந்ததும் நிறுத்தி, "இது நான்தானா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள். அரசுப் பள்ளி, நான்தான். மதிப்பெண், நான்தான். ஆறாவது வரியில் குரல் தணிந்தது. 'இந்த ஆண்டோ, இதற்கு முந்தைய ஆண்டோ பிளஸ் டூ முடித்தவர்கள்.' அதை இன்னொரு தடவை வாசித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"முந்தைய ஆண்டு," என்றாள். "நான்தான்."

போன வருடம் படித்ததில் பாதி மறந்துவிட்டதாம். வாரத்தில் ஆறு நாள் மலை. இறங்கி வந்தால் சமையல், அம்மாவுக்குக் கையில் மருந்து. ஜீப்பில் போகிற நேரம்தான் மிச்சம். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் புத்தகத்தைப் பார்த்தால் தலை சுற்றும். யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம்.

"நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல்தான். அப்பா திரும்பிப் பார்த்தார்.

"இடம் இருக்காதுக்கா. என் மடிலதான் உக்காரணும்" என்று ஜோதி சிரித்தாள். ஆடிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

புது அட்டவணையும் தொடங்கியிருக்கிறேன். முதல் கட்டத்தின் தலைப்பு, 'யார் விண்ணப்பிக்க முடியாது'. அதை நான் நிரப்பப் போவதில்லை. ஜீப்பில் வரும் அம்மாக்களிடம் கேட்டுக் கேட்டு ஜோதி சொல்வாள், நான் எழுதுவேன். அந்த இடைவெளியில் எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று முதலில் தெரியட்டும். தெரிந்த பிறகு அதை ஒரு மனுவாகத் தமிழ்நாடு, கேரளம் இரண்டு பக்கத்துக்கும் அனுப்பிப் பார்க்க வேண்டும்.

நாளை திங்கட்கிழமை. ஹாரன் சத்தம் கேட்கும்போது நான் தெருமுனையில் நிற்க வேண்டும். கேள்விப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துவிட்டேன், மார்கழிப் பனி.

செக்போஸ்ட் வரும்போது கொஞ்சம் நிறுத்திக்கொள்வோம் என்று ஜோதியிடம் சொல்லியிருக்கிறேன். எத்தனையோ முறை தாண்டிய எல்லை. அங்கே ஒரு பலகை இருக்கிறதாம், நான் பார்த்ததே இல்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் வாசிக்கட்டும்.